தேங்காய் சுடும் பண்டிகை

தேங்காய் சுடும் பண்டிகை என்பது சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு மாவட்டங்களில் ஆடி மாதம் 1-ஆம் நாள் கொண்டாடப்படும் விழாவாகும். இது பெரும்பாலும் ஜூலை 17 அன்று வரும். புதுமணத் தம்பதியருக்கு இது தலை ஆடி நாளுமாகும்.

செய்முறை

நார் நீக்கிய தேங்காயின் ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி மஞ்சள் பூசுவர். தேங்காயின் 3 கண்களுள் முளை வெளிவரும் 1 கண் மட்டுமே மென்மையானது. அதைத் துளைத்து நீரை வடிப்பர். பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், வெல்லம், அவல் ஆகியவற்றை உள்ளே இட்டு, நீரில் சிறிதளவை மீண்டும் ஊற்றுவர். கூர் சீவிய அழிஞ்சில் குச்சியைத் துளையில் செருகி, அதையே பிடியாகக் கொண்டு தீயில் சுடுவர். உள்ளிருக்கும் நீர் கொதித்து அரிசியையும் பருப்பையும் வேகவைக்கும். வெல்லம் உருகிக் கலக்கும். ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்து, உடைத்துப் பகிர்ந்து உண்பர்.

காரணமும் வரலாறும்

பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி ஆடி 18-இல் முடிந்தது என்றும், அதன் நினைவாகவே தேங்காய் சுடப்படுகிறது என்றும் மக்கள் கூறுவர். ஆனால், போர்க்களத்தில் கீதை உரைக்கப்பட்ட நாளான கீதா ஜெயந்தி நவம்பர் - டிசம்பரில் வருகிறது. போர் நடந்த நாட்கள் 18. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கும் 18-ஆம் நாள். இந்த எண் ஒற்றுமையே கதையை ஆடியோடு இணைத்திருக்கலாம். ஆடி 1 தட்சிணாயனத்தின் தொடக்கம் என்பதும் கருதத்தக்கது.

நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எல்லை மாறியும் இரு பக்கமும் பண்டிகை ஒன்றாகவே உள்ளது.

உலக ஒப்பீடு

அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீனும் ஒரு பருவ மாற்றத்தை ஒட்டிய விழாவே. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தனர். அமெரிக்காவில் குடியேறிய பின் பூசணிக்காய்க்கு மாறினர். அங்கே பூசணிக்குள் தீ. இங்கே தேங்காய்க்கு வெளியே தீ. அங்குக் குழந்தைகள் வீடு வீடாகச் சென்று இனிப்பைப் பெறுகின்றனர். இங்கு வீட்டு வாசலிலேயே தம் கையால் சுட்டுச் செய்கின்றனர். எந்தக் கண்ணைத் துளைப்பது, எவ்வளவு நீர் விடுவது, எப்போது தீயிலிருந்து எடுப்பது என்பவற்றைப் பெரியவர் அருகில் நின்று கற்பிக்கும் வரையே இப்பண்டிகை நிலைக்கும்.