மானிப்பாயில் தமிழிற் கற்பித்த இரண வைத்தியம்

நான் வசிக்கும் ஹெந்தளையில் 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் இங்கு வந்த வைத்தியர்களிற் பெரும்பாலானோர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஒரு குருவிடம் சில ஆண்டுகள் தொழில் பழகிய சத்திரவைத்தியர்களே அவர்கள். புண் கட்டுவதும், குண்டு எடுப்பதும், கால் துண்டிப்பதும் அவர்கள் வேலை. இவர்கள் எதைக் கொண்டு கற்றார்கள், எம்மொழியிற் கற்றார்கள் என்ற கேள்வி நம்மவருக்கும் உரியது.

அக்கால ஐரோப்பாவில் மருத்துவம் இரு கூறாகக் கிடந்தது. பட்டம் பெற்ற வைத்தியர் இலத்தீன் மொழியிற் படித்தவர். நோயாளியின் உடலிற் கத்தி வைக்கமாட்டார். கத்தி வைப்பவனோ முடிதிருத்துவோர் குழுவைச் சேர்ந்தவன், இலத்தீன் அறியாதவன். பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் ஆசனத்தில் அமர்ந்து பழைய நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுத்துக் காட்டுவார். மாணவர் கேட்டதையும் கண்டதையும் எழுதிக்கொள்வர்.

அவ்வாறு எழுதப்பட்ட குறிப்பொன்று இன்றும் உள்ளது. 1540 ஜனவரியில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வெசாலியஸ் உடலை அறுத்துக் காட்ட, கூர்த்தியஸ் என்ற மூத்த பேராசிரியர் விரிவுரை நிகழ்த்தினார். பல்டாசர் ஹெசலர் என்ற மாணவர் அதனை நாள்தோறும் இலத்தீனில் எழுதிவைத்தார். பழைய நூலை நம்பிய பேராசிரியரும் கண்ணாற் கண்டதை நம்பிய வெசாலியசும் எல்லார் முன்னிலையிலும் முரண்பட்டதை அக்குறிப்பு காட்டுகின்றது. உடற்கூற்றியலை மாற்றியமைத்த வெசாலியசின் பெருநூல் 1543இலேயே அச்சேறியது. அதற்கு மூன்றாண்டுகள் முந்திய அந்த விவாதத்தை, ஸ்டொக்ஹோம் நூலகத்தில் இருந்த அம்மாணவனின் கைப்பிரதி காத்துத் தந்தது. 1959இல் அது பதிப்பிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் குறிப்பெடுத்தே பிழைத்த பத்திரிகைக்காரனாகிய எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது.

ஆனால் இலத்தீன் அறியாத கத்திக்காரனுக்கு ஹெசலரின் குறிப்பாற் பயனில்லை. அவனுக்கு வழிகாட்டியவர் பிரான்சின் அம்புறுவாஸ் பாரே. துப்பாக்கிக் குண்டுபட்ட புண்ணிற் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவது அக்கால வழக்கம். இத்தாலியப் போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோகவே, பாரே முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், தேர்ப்பன்தைலம் ஆகியவற்றைக் கலந்து பூசினார். எண்ணெயாற் சுடப்பட்டவர்கள் வேதனையில் துடித்தனர்; மருந்து பூசப்பட்டவர்கள் நிம்மதியாக உறங்கினர். இந்த அனுபவத்தை 1545இல் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார். தாய்மொழியில் எழுதியமைக்காகப் பின்னாளிற் பாரிஸ் பண்டிதர்களின் சினத்துக்கும் ஆளானார்.

இதே கேள்வி மூன்று நூற்றாண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் எழுந்தது. ஏட்டைப் படியெடுத்து மருத்துவம் கற்பது நமக்குப் புதிதன்று. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் அவ்வாறே கைமாறி வந்தன. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டே மாணவர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆங்கிலத்திற் கற்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே கைவிடப்பட்டான். இதனைக் கண்ட கிறீன், 1860களில் மானிப்பாயில் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். தம் மாணவர் உடையிலும் பழக்கத்திலும் ஊரவராகவே இருக்கவேண்டும் என்றும் விரும்பினார்.

தமிழில் அச்சுநூல் இல்லாத துறைகளில், ஆசிரியர் சொல்ல மாணவன் எழுதிக்கொள்வதே முதல் வழியாக இருந்திருக்கும். அக்குறையை நீக்க கிறீனும் அவர் மாணவர்களும் நூல்களை மொழிபெயர்த்தனர். துரூயிட் என்பவரின் சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் வெளியாயிற்று. உடற்கூறு, மகப்பேறு, இரசாயனம் முதலிய துறைகளையும் சேர்த்து அவருடைய தமிழ் நூல்கள் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. தமிழ்ச் சொல் இருந்தால் அது, இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கில ஒலிபெயர்ப்பு என்று கலைச்சொற்களைத் தேடினர். இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டமை அதற்குச் சான்று. அவரிடம் பயின்ற 60க்கும் மேற்பட்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர்கள்.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார், 1884இற் காலமானார். அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவக் கல்லூரியின் போதனாமொழி ஆங்கிலம். பதவியும் சம்பளமும் அங்கே இருந்தன. பாரேயின் மொழிக்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது. கிறீனின் தமிழுக்குப் பின்னால் சில மாணவர்களும் ஓர் அச்சகமும் மட்டுமே இருந்தன. நூலின் தரத்திற் குறையில்லை. அதனைப் படித்தவனுக்கு உத்தியோகம் கொடுக்க எவருமில்லை என்பதே உண்மை.

இன்று மருத்துவ பீடங்கள் அனைத்தையும் தமிழுக்கு மாற்றுக என்று நான் கூற வரவில்லை. ஆயினும் தம் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பது விளங்காமலே, சத்திரசிகிச்சைக்குச் சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடும் தமிழ் நோயாளர்களைக் கொழும்பிற் கண்டிருக்கின்றேன். அவர்களுக்கு விளங்கும் சொல் தமிழில் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. அச்சொற்களை 1867இலேயே மானிப்பாயில் தேடி எடுத்து அச்சிலும் ஏற்றிவிட்டார்கள்.