தோடு போட்டால் காது புண்ணாகிறதா?

அடைவிலும் இடப்பெயர்விலும் போன பவுண் தோட்டுக்குப் பதிலாகக் கவரிங் தோடு போடும் பெண்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் என்னிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "இரண்டு நாள் போட்டால் காது கடிக்குது, பிறகு தண்ணி வடியுது." உடற்சூடு என்பார்கள், கண்ணூறு என்பார்கள். பெரும்பாலும் காரணம் நிக்கல் என்ற உலோகம்.

கவரிங் தோட்டின் உள்ளே இருப்பது பித்தளை அல்லது செம்பு. பல நகைகளில் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். வியர்வையில் முலாம் தேய்ந்ததும் நிக்கல் தோலில் படுகிறது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க நீடிக்கும். தண்டுக்கு நகப்பூச்சு அடிப்பது சில நாளைக்குத்தான் உதவும்.

இது ஒவ்வாமையா, கிருமித் தொற்றா என்று பிரித்தறிய வேண்டும். ஒவ்வாமை என்றால் இரண்டு காதும் கடிக்கும். சங்கிலி படும் கழுத்திலும் மணிக்கூட்டுப் பட்டியின் கொளுக்கி படும் இடத்திலும் தடிக்கும். தோட்டைக் கழற்றிவிடுங்கள். தொற்று என்றால் பெரும்பாலும் ஒரு காது மட்டும் வீங்கிச் சூடாகி, விண்விண்ணென்று வலித்துச் சீழ் வைக்கும். அப்போது அவசரப்பட்டுக் கழற்றினால் துளை மூடி, சீழ் உள்ளே தங்கிவிடும். வைத்தியரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். சுரை சதைக்குள் புதைந்திருந்தால் வீட்டில் இழுக்க வேண்டாம்.

புதிய துளையைக் கழுவ, ஒரு கோப்பை கொதித்தாறிய நீரில் கால் தேக்கரண்டி உப்புப் போதும். ஸ்பிரிட் தோலை எரிக்கும். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினால் துளை அடைபட்டு அழுக்குச் சேரும். அம்மம்மாமார் கோபித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். காதுச் சோணை ஆற 6 முதல் 8 வாரம், மூக்கு 4 முதல் 6 மாதம். காதின் மேல்மடல் குருத்தெலும்பு. ஆற ஒரு வருடமும் ஆகலாம். அங்கே தொற்று வந்தால் காதே சுருங்கி உருமாறிவிடும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதைப் போடலாம்? பெரிய கவரிங் தோட்டைவிட 22 கரட்டில் ஒரு சிறு பொட்டுத் தோடு நல்லது என்பேன். டைட்டேனியம் கிடைத்தால் இன்னும் பாதுகாப்பு. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருக்கலாம். சர்ஜிக்கல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, ஆனால் குறைவாகவே கசியும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

முகாமில் இருந்த காலத்தில் துளை தூராமல் வேப்பம் ஈர்க்கு செருகியிருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பல வருடம் வெறுங்காதாக இருந்து துளை தூர்ந்திருந்தால், தோட்டுத் தண்டால் குத்தித் திறக்கப் பார்க்காதீர்கள். புதிதாகக் குத்துவதே நல்லது.

குத்துமுன் உங்கள் பழைய காயங்களைப் பாருங்கள். செல் துண்டு பட்ட இடம் காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளர்ந்திருந்தால், காதுத் துளையிலும் அப்படி வளரக்கூடும். அதை வெட்டியெடுத்தால் மட்டும் போகாது, பெரும்பாலும் திரும்ப வளரும். ஊசி மருந்தும் வேண்டியிருக்கும். இப்படியானவர்களுக்கு மூக்குத்தியும் புதுத் துளையும் வேண்டாம், அழுத்திப் பிடிக்கும் தோடு போடலாம்.

பாரத்தாலோ யாரும் பறித்ததாலோ கிழிந்த சோணையை விறைப்பு ஊசி போட்டுத் தைக்கலாம், சிறிய சத்திரசிகிச்சைதான். அதன் பின் மூன்று மாதமாவது பொறுத்து, தையல் தழும்புக்குப் பக்கத்தில் குத்துங்கள், தழும்பின் மேல் அல்ல.