கொல்லையிலிருந்து ஜன்னலுக்கு: ஒரு கறிவேப்பிலையின் வரலாறு

மந்தைவெளி என்ற பெயரை எப்போதாவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மந்தை, வெளி. மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த வெளி. மாடுகள் இன்றும் ஒன்றிரண்டு கண்ணில் படும். வெளிதான் இல்லை!

எங்கள் வீடு இரண்டாவது மாடி. எங்களுக்கு வெளி என்றால் சமையலறை ஜன்னல் கிரில்லுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றரை அடி சிமெண்ட் ஸ்லாப்தான். அதில் ஒரு பழைய பெயிண்ட் பக்கெட், பக்கெட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அம்மா அதற்குப் புளித்த மோர் ஊற்றுவதையும், நான் நெட்டில் தேடிப் படித்துவிட்டு நுனியைக் கிள்ளுவதையும் பார்த்துப் பாட்டிக்கு ஒரே சிரிப்பு. "கறிவேப்பிலையை யாராவது வளர்ப்பாங்களா? அதுபாட்டுக்கு வரும்" என்பாள்.

அதுபாட்டுக்கு வந்த செடியை நாம் எப்போதிலிருந்து வளர்க்க ஆரம்பித்தோம்? பி.காம் படிக்கிறவனுக்கு இது வேண்டாத வேலைதான். இருந்தாலும் தோண்டிப் பார்த்தேன்.

செடி ரொம்பப் பழசு. பெரும்பாணாற்றுப்படையிலேயே வருகிறது, கஞ்சகம் என்ற பெயரில். பச்சை மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த ஒரு பதார்த்தம். (மிளகாய் அப்போது கிடையாது. அது போர்ச்சுகீசியர்கள் வந்த பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது.) தாவரவியல் பெயரிலும் நம் ஊர்க் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. 'முர்ரயா கோயனிகி' என்று படித்திருப்பீர்கள். அந்தக் கோயனிக், லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் மருத்துவராக வந்து, பிறகு 1778-ல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தவர். 1771-ல் லின்னேயஸ் அவர் பெயரை நம் ரசத்துச் செடிக்கு வைத்துவிட்டார். யாரோ வீட்டுக் கொல்லையில் சும்மா நின்ற செடிக்கு லத்தீனில் பெயர்!

சும்மா நின்ற செடி என்றேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பாட்டி 1966-ல் கல்யாணமாகி இதே மனையில் இருந்த ஓட்டு வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டின் அமைப்பை அவள் சொல்லச் சொல்ல நான் படமாகப் போட்டு வைத்திருக்கிறேன். சமையலறையின் ஒரு மூலையில் தொட்டிமுற்றம். அரிசி களைந்த தண்ணீர், காய் அலம்பிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கே விழும். சுவரில் ஒரு ஓட்டை, அதிலிருந்து கொல்லைக்கு ஒரு சின்னக் கால்வாய். கால்வாயின் முதல் வளைவில் சேம்பு, அடுத்து இரண்டு வாழை, கொஞ்சம் தள்ளி மேட்டில் கறிவேப்பிலை. மேட்டில் ஏன் என்றால் அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. சேம்புக்கும் வாழைக்கும் அந்தக் கவலை இல்லை. அப்போது பாத்திரம் தேய்த்தது சாம்பலில், சோப்பில் இல்லை. ஆகவே யாரும் செடிக்கென்று தண்ணீர் ஊற்றியதே இல்லை. சமைத்தால் போதும், செடி வளரும். மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கன்றுகள் கிளம்பும். கேட்டவர்களுக்குப் பிடுங்கிக் கொடுப்பார்கள்.

இதைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தேன். காய்கறிக்காரர் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுகிறாரே, அதையே நம் அக்கவுண்டன்சி புத்தகத்தில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை!

கொல்லைக்கு அரசாங்கத்தில் மதிப்பு வந்ததும் உண்டு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது. 1943-ல் சென்னைக்கு ரேஷன் வந்தது. 'அதிக உணவு விளைவியுங்கள்' இயக்கம் முக்கியமாக வயல்களுக்கானதுதான் என்றாலும், வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. அதே சமயத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புல்தரையைக் கொத்தி உருளைக்கிழங்கும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1952-ல் ராஜாஜி கட்டுப்பாடுகளை எடுத்தார். 1965-ல் மறுபடி பஞ்சம். லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார், தன் வீட்டுப் புல்வெளியையே உழுதார். பாட்டி புது மருமகளாக அரிசிக்கு வரிசையில் நின்றது அதற்கு அடுத்த வருஷம். சேம்பும் வாழைக்காயும் அந்த வருஷம் நிறையவே சாப்பிட்டோம் என்கிறாள். அவளுக்கு இன்றும் சேப்பங்கிழங்கு பிடிக்காது.

பஞ்சத்தில் தப்பித்த கொல்லை 1986-ல் போனது. மனையை புரமோட்டரிடம் கொடுத்து ஃபிளாட் வாங்கிக்கொண்டோம். தாத்தா கறிவேப்பிலை மரத்தை வெட்டுவதற்கு முன் ஒரு வேர்க்கன்றை எடுத்து வைத்தார். இன்றைய பக்கெட் செடி அதன் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ. மரம் போனதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. சுவரின் ஓட்டைக்குப் பதில் பிவிசி பைப் வந்தது. தண்ணீர் நேராகப் பாதாளச் சாக்கடைக்குப் போனது. அன்றிலிருந்துதான் கறிவேப்பிலை 'வளர்க்க' வேண்டிய செடி ஆனது. பக்கெட்டுக்கு ஓட்டை போட வேண்டும், வெயில் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், எலுமிச்சையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு இதையும் மொட்டையடிக்கும் என்பதால் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

2013-14-ல் தமிழக அரசு சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டத் திட்டம் கொண்டுவந்தது. மானிய விலையில் விதை, தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகள். நல்ல திட்டம். ஆனால் ஃபிளாட்டில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. எங்கள் அசோசியேஷன் மீட்டிங்கில் "ஒழுகும்" என்ற ஒரே வார்த்தையில் விஷயம் முடிந்துவிட்டதாம்.

அடுத்து 2019. நான் பத்தாம் வகுப்பு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. வீட்டில் இரண்டு நாளைக்கு ஒரு முறை குடத்தில் தண்ணீர். செடிக்கு யார் ஊற்றுவது? இலை மஞ்சளாகி உதிர்ந்து குச்சியாகிவிட்டது. பாட்டி சிங்க்குக்கு அடியில் பைப்பைக் கழற்றச் சொல்லி அங்கே ஒரு வாளியை வைத்தாள். அரிசி களைந்த தண்ணீர், பருப்பு களைந்த தண்ணீர் மட்டும், சோப்பு படாமல். ஆகஸ்டில் குச்சியின் கணுவில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது. இப்போதும் அந்த வாளி அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஃபிளாட்டுக்கு நாற்பது வயதாகப் போகிறது. இடித்து இன்னும் உயரமாகக் கட்டலாம் என்று பேச்சு. போன மாதம் ஒருவர் பிளானோடு வந்தார். புது சமையலறைக்கு வெளி ஜன்னலே கிடையாது, வாஷிங் மெஷின் வைக்கும் யுடிலிட்டி ஏரியா பக்கம்தான் திறக்கிறது. கார் பார்க்கிங், லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் விவரமாகச் சொன்னார். பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சமையல்கட்டுத் தண்ணி எங்கே போகும்?"

"அதைப் பத்திக் கவலையே படாதீங்க பாட்டி" என்றார் அவர். "பைப்லயே போயிடும், கண்ணுக்கே தெரியாது."