நாத்திகரின் வாக்குக்கு என்ன பெறுமதி?

கடவுள் நம்பிக்கை பற்றிய கதை எங்க தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில ஒரே இடத்திலதான் வந்து நிற்கும். நம்புகிறவர், "கடவுள் இல்லை எண்டு நிரூபிச்சுக் காட்டு பாப்பம்" என்பார். நம்பாதவர், "இல்லை எண்டு நான் சொல்லேல்லையே, இருக்கெண்டு நீங்கள் சொல்லுறதுக்கு ஆதாரம் காணாது எண்டுதான் சொல்லுறன்" என்பார். "அப்ப நீ நாத்திகன் இல்லை, உனக்குச் சந்தேகம் மட்டும்தான்" என்று மற்றவர் கதையை முடித்துவிடுவார். கடவுளைப் பற்றித் தொடங்கிய விவாதம், நாத்திகம் என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்ற விவாதமாக மாறிவிடும்.

இதை வெறும் சொற்சண்டை என்று நாங்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் இதே சொற்சண்டையால் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு தொகுதி மக்கள் தெரிவுசெய்த ஆள், பாராளுமன்றத்தில் தடையில்லாமல் போய் உட்கார ஐந்தரை வருடத்துக்கு மேல் எடுத்தது. சார்ள்ஸ் பிராட்லோ என்ற அந்த மனிதரின் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பிராட்லோ 1833இல் லண்டனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நற்செய்தி நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது இரண்டும் பொருந்தவில்லை. விளக்கம் கேட்டுத் தன் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். பாதிரியார் விளக்கம் தரவில்லை. பையன் நாத்திகனாகிவிட்டான் என்று தகப்பனுக்கு அறிவித்து, படிப்பிக்கும் வேலையில் இருந்தும் மூன்று மாதம் நிறுத்திவைத்தார். அந்த நேரத்தில் பிராட்லோ கடவுளை நம்பிக்கொண்டுதான் இருந்தார். நாத்திகர் என்ற பெயர் முதலில் வந்தது, நம்பிக்கை போனது பிறகுதான். கேள்வி கேட்கிற ஆளுக்கு ஒட்டுகிற பட்டமாகத்தான் அந்தச் சொல் அன்று புழங்கியது.

பிறகு அவர் அந்தப் பட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டார். ஆனால் பொருளை மாற்றினார். 1864இல் நாத்திகத்துக்காக வாதாடி ஒரு சிறுநூல் எழுதினார். நாத்திகர் 'கடவுள் இல்லை' என்று சொல்வதில்லை, கடவுள் என்ற சொல்லால் நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்பதே தனக்கு விளங்கவில்லை என்கிறார், தெளிவான கருத்து எதையும் தராத ஒரு சொல்லை எப்படி மறுப்பது என்பதுதான் அதன் சாரம். ஆனால் 'இன்னின்ன குணமுள்ள, உலகத்தில் இருந்து வேறான ஒருவர் இதைப் படைத்தார்' என்று வரையறுத்துக் கொண்டுவந்தால், அந்தக் கடவுளை மறுக்கவும் அவர் தயார். இன்றைய விவாதங்களில் இந்த இரண்டாம் பாதியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வரையறை இல்லாவிட்டால் மறுப்பும் இல்லை, வரையறை வந்தால் மறுப்பும் வரும். எங்களுக்கு இது நேர்மையான நிலைப்பாடாகவே படுகிறது.

எதிர்த்தரப்பின் பொருள் முற்றிலும் வேறு. கடவுளுக்குப் பயமில்லாதவன் எதற்கும் பயப்படமாட்டான், அவன் கொடுக்கிற வாக்கு செல்லாது. இது தெருவில் கதைக்கிற கதையாக மட்டும் இருக்கவில்லை, சட்டமாகவும் இருந்தது. சத்தியம் செய்ய முடியாதவரின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது. 1857இல் லண்டனில் தன் பொருளைத் திருடியவனுக்கு எதிராக வழக்குக்கு வந்த ஒரு வெளிநாட்டவர், கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொன்னதால் திருப்பி அனுப்பப்பட்டார். ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். நாத்திகர்கள் பொய்யர்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிற சட்டம், பொய் சொல்லத் தயாரான நாத்திகரை உள்ளே விடுகிறது, உண்மையைச் சொன்னவரை மட்டும் வெளியே தள்ளுகிறது என்பது அவர் வாதம். 1869இலும் 1870இலும் சட்டம் திருத்தப்பட்டு, நீதிமன்றத்தில் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை போதும் என்றானது.

பாராளுமன்றம் பற்றி அந்தத் திருத்தங்கள் ஒன்றும் தெளிவாகச் சொல்லவில்லை. 1880இல் நோர்தாம்ப்டன் தொகுதியில் வென்ற பிராட்லோ, மே 3ஆம் திகதி சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை செய்யக் கேட்டார். ஒரு தெரிவுக்குழு ஒற்றை வாக்கால் மறுத்தது. "சரி, சத்தியமே செய்கிறேன்" என்றார். கூடவே பத்திரிகையில் ஒரு கடிதமும் போட்டார். அந்த வாசகத்தின் சில சொற்கள் தனக்குப் பொருளற்றவை, ஆனாலும் வாக்குறுதி தன்னை முழுதாகக் கட்டும் என்று. இதைப் பிடித்துக்கொண்டு, 'இவர் சத்தியமும் செய்யக்கூடாது, ஏனென்றால் இவர் நாத்திகர்' என்று சபை எழுந்தது. உறுதியுரை செய்ய உரிமை இல்லை, சத்தியம் செய்யத் தகுதி இல்லை. யூன் 23 அன்று சபையை விட்டு வெளியேற மறுத்ததால் மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஓர் இரவு அடைத்தும் வைத்தார்கள்.

சில நாளில் வழக்கு வந்தால் உங்கள் பொறுப்பு என்று உறுதியுரையோடு உட்கார விட்டார்கள். வழக்கு வந்தது, 1881 மார்ச்சில் நீதிமன்றம் அது செல்லாது என்றது, ஆசனம் போனது. இடைத்தேர்தலில் மக்கள் திரும்ப அவரையே அனுப்பினார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி உள்ளே போக முயன்றவரைப் பொலிசாரும் ஊழியர்களும் சேர்ந்து இழுத்து வெளியே தள்ளினார்கள், கோட்டும் கிழிந்தது. 1882 பெப்ரவரியில் கையோடு கொண்டுபோன புத்தகத்தைப் பிடித்துத் தானே தனக்குச் சத்தியம் செய்துவைத்தார். வெளியேற்றினார்கள். மக்கள் திரும்பவும் தெரிவுசெய்தார்கள், 1884இலும் 1885இலும்கூட. நோர்தாம்ப்டன் வாக்காளர் எல்லாரும் நாத்திகராக இருந்திருக்க முடியாது. பெரும்பாலானோர் சாதாரண கிறிஸ்தவர்கள்தான். ஆளின் வாக்கை நம்பலாமா என்ற கேள்விக்கு அவர்கள் தங்கட பதிலைச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையில் 1883இல் ஜோன் மோர்லி என்ற எழுத்தாளர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அவருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை, அவரை வாசித்தவர்களுக்கு அது தெரியும். அவர் பேசாமல் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தார், ஒரு சத்தமும் இல்லை. மில் சொன்னது அப்படியே நடந்தது பாருங்கோ.

நம்பிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எழுதினால் அது பிழை. பிரதமர் கிளாட்ஸ்டன் தீவிர ஆங்கிலிக்கன், பிராட்லோவின் கருத்துகள் அவருக்குத் துளியும் பிடிக்காது. அவர்தான் 1883 ஏப்ரலில் உறுதியுரை மசோதாவுக்காக எழுந்து நின்றார். ரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸ் பாடிய, மனிதரைக் கணக்கிலேயே எடுக்காத தேவர்களை நினைவுபடுத்தினார். எங்களைக் கவனிக்காத ஒரு கடவுளை நம்புகிறவர் இந்தச் சத்தியத்தைச் செய்யலாம் என்றால், அது எந்தச் சமயத்தைக் காப்பாற்றுகிறது என்பதுதான் அவர் கேள்வி. மசோதா 289க்கு 292 என்று 3 வாக்கால் தோற்றது. 1886 ஜனவரியில் புதிய சபாநாயகர் ஒரு தடையையும் கேட்காமல் பிராட்லோவைச் சத்தியம் செய்ய விட்டார். 1888இல் அவரே முன்னின்று கொண்டுவந்த சட்டத்தால் உறுதியுரை எல்லாருக்கும் உரிமையானது.

இலங்கையில் 1895ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதியுரை செய்யலாம் என்றது, மனச்சாட்சிப்படி சத்தியம் செய்ய விரும்பாதவர்களும் செய்யலாம் என்றது. ஆனாலும் இன்றைக்கும் ஒரு சத்தியக்கடதாசி அடிக்கப் போனால் சமயம் என்ன என்று கேட்டுத்தான் முதல் வரியைத் தொடங்குவார்கள்.

எங்கட 'நாத்திகம்' என்ற சொல்லின் கதை இன்னும் சிக்கலானது. சமஸ்கிருதத்தில் 'இல்லை' என்பவர் நாத்திகர். எது இல்லை? பாணினியின் இலக்கணத்துக்கு உரை எழுதியவர்கள் மறுவுலகம் என்றார்கள். மனுநூல் வேதத்தைப் பழிப்பவரே நாத்திகர் என்றது. அதனால்தான் படைத்தவர் ஒருவர் தேவையில்லை என்ற சாங்கியமும் மீமாம்சையும் ஆத்திகத்துக்குள் இருந்தன, சமணரும் பௌத்தரும் வெளியே நின்றார்கள். பௌத்தக் காப்பியமான மணிமேகலையிலோ கதாநாயகி எல்லாச் சமயக்காரரிடமும் கேட்டுவிட்டு, உலகாயதம் கதைக்கிற பூதவாதியை மறுத்துப் பேசுகிறாள். ஒருவருக்கு நாத்திகராகத் தெரிபவருக்கு இன்னொருவர் நாத்திகர். ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இந்தச் சொல்லைப் போட்டபோது இந்தப் பழைய பகைகளும் கூடவே வந்து ஏறிக்கொண்டன.

1880களில் பிராட்லோவின் இயக்கத்தோடு தொடர்புவைத்த சென்னைச் சிந்தனையாளர்கள் 'தத்துவவிவேசினி' என்ற இதழை நடத்தினார்கள். அவர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் சென்னை இலௌகிக சங்கம். நாத்திகம் என்ற சொல்லை அவர்கள் பெயரில் வைக்கவில்லை. இங்கிலாந்திலும் ஹோலியோக் இதே காரணத்தால் 1851இல் மதச்சார்பின்மைக்கு ஒரு புதுச்சொல் உண்டாக்கினார், பிராட்லோ அவரோடு அதற்காகச் சண்டையும் பிடித்தார்.

பிராட்லோ 1891 ஜனவரியில் இறந்தார். அவரது இறுதிச் சடங்குக்குப் போனவர்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். நாற்பது வருடம் கழித்து 1931இல் சுவிற்சர்லாந்தில் பேசியபோது காந்தி அவரை நினைவுகூர்ந்தார். பிராட்லோ தன்னை நாத்திகர் என்று சொன்னாலும் தான் அப்படி நினைக்கவில்லை, உண்மைக்கு அஞ்சியவர், ஆகவே கடவுளுக்கு அஞ்சியவர்தான் என்றார். மணிக்கூட்டுக் கோபுரத்தை விட இது எவ்வளவோ அன்பான வார்த்தை. ஆனாலும் எங்களுக்கு இது உறுத்துகிறது. ஐந்தரை வருடம் அடிபட்டு ஒரு மனிதன் காப்பாற்றிய சொல்லை, அவன் பதில் சொல்ல இல்லாத நேரத்தில் மெல்லமாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

பதில் சொல்ல இருந்தவர் கோரா. விஜயவாடா நாத்திக மையத்தை நிறுவிய அவர் 1944க்குப் பிறகு காந்தியோடு நேரில் வாதாடினார், தன்னை நாத்திகர் என்றே சொன்னார், காந்தியும் அவரை அப்படியே ஏற்றார். கோராவின் மகளுக்கும் தாழ்த்தப்பட்ட சமூக இளைஞர் ஒருவருக்கும் சேவாக்கிராமத்தில் திருமணம் செய்துவைக்க ஒப்புக்கொண்டபோது, உறுதிமொழியில் கடவுள் வரும் இடத்தில் உண்மை என்று மாற்றவும் சம்மதித்தார். 1948 மார்ச்சில் அந்தத் திருமணம் நடந்தது. காந்தி அதற்கு ஆறு கிழமைக்கு முன்னமே சுடப்பட்டிருந்தார்.