தற்கொலையும் குடிவழியும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

தன்னுயிரைத் தானே மாய்க்க முயன்று பிழைத்தவன் நெடுங்காலம் குற்றவாளியாகவே கருதப்பட்டான். இங்கிலாந்திலே 1961 ஆம் ஆண்டுவரையும், இலங்கையிலே 1998 ஆம் ஆண்டுவரையும் சட்டம் அவனைத் தண்டனைக்கு உரியவனாகவே கொண்டது. இச்செயலுக்கு உடலிலும் குருதிவழியிலும் காரணம் உண்டோ என்னும் வினா பழையதெனினும், அதற்கு விடைகாணும் வழி மிகப் பிந்தியே தோன்றிற்று.

1897 ஆம் ஆண்டில் ‘தற்கொலை’ என்னும் நூலை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் எமில் டேர்க்கைம், காரணத்தைச் சமுதாயத்திலே தேடினார். ஒரே குடும்பத்திற் பலர் இவ்வாறு இறப்பதைப் பரம்பரையின் பயனென அவர் ஏற்றிலர்; ஒருவரைக் கண்டு மற்றவர் பின்பற்றுதலும் அதற்குக் காரணமாகலாமன்றோ என்றார். இத்தடை வலிமையுடையது. குருதியையும் வீட்டுச் சூழலையும் வேறுபிரித்துக் காட்டினாலன்றி அதனை நீக்கல் இயலாது.

அவ்வாறு பிரித்துக் காட்டியது டென்மார்க்கு. பிறர் மனையிலே தத்துப்பிள்ளைகளாக வளர்ந்து பின்னர்த் தற்கொலை புரிந்த 57 பேரின் உறவினரை சுல்சிங்கர், கெற்றி முதலிய ஆய்வாளர் ஆராய்ந்து, 1979 இல் முடிபை வெளியிட்டனர். பெற்ற குலத்து உறவினர் 269 பேருள் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். ஒப்புநோக்குதற்கு எடுத்துக்கொண்ட ஏனைய தத்துப்பிள்ளைகளின் உறவினர் 269 பேருள் இருவரே அவ்வாறு இறந்தனர். வளர்த்த குலத்தாருள் ஒருவருமிலர். உடன்வாழாத உறவினரைப் பார்த்துப் பின்பற்றினர் என்றல் பொருந்துமோ?

அமெரிக்காவிற் பென்சில்வேனியா மாநிலத்து ஆமிஷ் மக்களைப் பற்றி 1985 இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 1880 முதல் 1980 வரை நூறாண்டில் நிகழ்ந்த 26 தற்கொலைகளுள் 73 சதவீதம் நான்கு குடிவழிகளிலே அடங்கின. ஆயினும், கடும் மனச்சோர்வு நோய் மிக்கிருந்தும் தற்கொலை காணப்படாத குடும்பங்களும் ஆங்கு இருந்தன. நோய் வேறு, இவ்வியல்பு வேறு என்பது இதனாற் புலப்படும். திருமணப் பேச்சிலே “அந்தக் குடியில் அப்படியொன்று உண்டு” என முணுமுணுக்கும் நம்மவர், அந்நான்கு குடிகளிலும் பெரும்பாலோர் இயல்பாகவே வாழ்ந்து முடிந்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இரசாயனத்தின் வரலாறு வேறு வழியாக வந்தது. 1948 இல் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட செரட்டோனின் என்னும் பொருள், 1953 இல் மூளையிலும் உள்ளதெனக் காட்டப்பட்டது. 1976 இற் சுவீடனைச் சேர்ந்த மாரீ ஆஸ்பெர்க் முதலியோர், மனச்சோர்வுற்ற 68 நோயாளரின் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருளைச் சோதித்தனர். செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் குறைந்திருந்தோரிடையே தற்கொலை முயற்சி மிகுந்திருந்தது. பின்வந்த ஆய்வுகள் இக்குறைவை உந்துதலை அடக்கமாட்டாத இயல்போடு தொடர்புபடுத்தின. எனினும், தற்கொலைக்குரிய பரம்பரையலகு இதுவெனத் தனியொன்றைச் சுட்டுதல் எவர்க்கும் இயன்றிலது.

சூழலும் உடலிலே தன் சுவட்டைப் பதிக்கின்றது. இளமையிற் கொடுமைக்கு ஆளாகிப் பின் தற்கொலையால் இறந்தோரின் மூளையிலே, நெருக்கடிக்கால ஓமோன்களை ஏற்கும் பரம்பரையலகு இரசாயன முறையில் மாற்றமுற்றிருந்ததை மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தார் 2009 இல் வெளியிட்டனர்.

இலங்கையிலோ 1995 அளவில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். விவசாய நஞ்சுகளுட் கொடியனவற்றுக்கு அவ்வாண்டிலும் 1998 இலும் தடைவிதிக்கப்பட்டது. 2005 அளவில் அத்தொகை ஏறத்தாழ அரைப்பங்காயிற்று. அப்பத்தாண்டில் இந்நாட்டு மக்களின் பரம்பரையலகுகள் மாறினவல்ல.