முப்பது இறுவட்டுகளும் ஓர் இரவும்

2007ஆம் ஆண்டு, அப்பாவின் 31ஆம் நாளுக்கு முதல்நாள் இரவு. வருபவர்களுக்குக் கல்வெட்டோடு சேர்த்து ஓர் இறுவட்டும் கொடுப்போம் என்று அக்கா சொல்லியிருந்தா. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் வீடியோ அது. அதில் அவர் அரை மணிநேரம் ஊர்க்கதை சொல்கிறார். அவருடைய குரல் எங்களிடம் வேறெதிலும் இல்லை.

முப்பது பிரதிகள் வேண்டும். என் மடிக்கணினியில் முதலாவது பதிந்து முடிய முக்கால் மணிநேரம் எடுத்தது. அந்த வேகத்தில் முப்பதுக்கும் இருபத்திரண்டரை மணிநேரம். காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் நிற்கவேண்டும்.

ட்ரைவின் முகப்பில் '8 எக்ஸ்' என்று போட்டிருந்தது. அந்த 'எக்ஸ்' எங்கிருந்து வந்தது? 1982இல் சந்தைக்கு வந்த இசைத்தட்டான சிடிதான் அதன் தாய். பாட்டு ஒலிக்கும் வேகத்தில் நொடிக்கு 150 கிலோபைட் தரவு வாசிக்கப்பட்டது. அதுவே 1 எக்ஸ். வீட்டில் பதியக்கூடிய சிடியை 1988இல் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் உருவாக்கிக் காட்டியது. லேசர் கதிர் தட்டில் பள்ளம் தோண்டுவதில்லை. அதிலுள்ள சாயப் படலத்தைச் சுட்டு நிறம் மாற்றுகிறது. ஆங்கிலத்தில் அதை 'எரித்தல்' என்றார்கள். நாங்கள் 'கொப்பி அடிக்கிறது' என்றோம்.

1996இல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தபோது அளவுகோல் மாறியது. டிவிடியின் 1 எக்ஸ் நொடிக்கு ஏறத்தாழ 1,385 கிலோபைட். சிடியினுடையதைப்போல் ஒன்பது மடங்கு. 4.7 கிகாபைட் தட்டொன்றை அந்த வேகத்தில் நிரப்ப ஒரு மணிநேரம் வேண்டும். மேசைக் கணினிகளின் ட்ரைவுகள் 16 எக்ஸ் வரை போயின. அந்த வேகத்தில் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 தடவை சுற்றும். 12.7 மில்லிமீற்றர் தடிப்புள்ள மடிக்கணினி ட்ரைவின் சிறிய மோட்டார் அதைத் தாங்காது. அதனால் பெரும்பாலும் 8 எக்ஸுடன் நின்றுகொண்டது. அந்த உச்சமும் தட்டின் தொடக்கத்திலேயே கிடைப்பதில்லை. உள்வட்டத்தில் மெதுவாகத் தொடங்கி வெளியே போகப்போகத்தான் கூடும். அப்படிப் பார்த்தாலும் ஒரு தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். முக்கால் மணிநேரம் கணக்கில் வரவில்லை.

முதலில் தட்டுகளைத்தான் சந்தேகித்தேன். வெற்றுத் தட்டிலும் அதைச் செய்தவரின் குறியீடு முன்கூட்டியே பதிந்திருக்கும். ட்ரைவ் அதை வாசித்துத்தான் லேசரின் வலுவையும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. தெரியாத குறியீடென்றால் வேகத்தைக் குறைத்துவிடும். வேறொரு கட்டுத் தட்டு வாங்கி வந்தேன். மாற்றமில்லை.

பதில் இன்னொரு வரலாற்றில் இருந்தது. தொடக்ககாலப் பதிவு ட்ரைவுகளில் தரவு ஒரு கணம் தடைப்பட்டாலும் தட்டு பழுதாகிவிடும். தேநீர்க் கோப்பை வைக்கத்தான் உதவும். 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம், தரவு தீர்ந்தால் லேசரை நிறுத்தி, வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும் நுட்பத்தைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்பற்றினார்கள். அதன்பின் தட்டுகள் பழுதாவது குறைந்தது. ஆனால் கணினி தரவைச் சரியாக ஊட்டவில்லை என்பது இனிப் பழுதாகத் தெரியாது. வெறும் தாமதமாகத்தான் தெரியும்.

என் கணினி ஊட்டவில்லை. வன்தட்டிலிருந்து ட்ரைவுக்குத் தரவு போக இரண்டு வழிகள் இருந்தன. 'டிஎம்ஏ' முறையில் தரவு நேரே நினைவகத்தினூடாகப் போகும். பழைய 'பிஐஓ' முறையில் ஒவ்வொரு துண்டையும் மையச் செயலியே தூக்கிச் சுமக்கவேண்டும். அக்கால இயங்குதளமொன்றில், ட்ரைவ் பிழைகளின் கூட்டுத்தொகை ஆறைத் தொட்டால் வேகத்தை ஒரு படி இறக்கும் விதி இருந்தது. பிழைகள் தொடர்ந்தால் கடைசியில் பிஐஓவுக்கே இறக்கிவிடும். பிழைக்குக் காரணமான தட்டை வெளியே எடுத்தாலும் தானாக மேலே ஏறாது. மருமகள் கீறல் விழுந்த பாட்டுத் தட்டொன்றை வாரக்கணக்கில் போட்டுக் கேட்டது நினைவுக்கு வந்தது.

டிவைஸ் மனேஜரைத் திறந்து, ட்ரைவ் இணைந்திருந்த ஐடிஈ தடத்தைப் பார்த்தேன். 'பிஐஓ' என்றிருந்தது. அந்தத் தடத்தை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடக்கினேன். இயங்குதளம் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏயில் இணைத்தது. அடுத்த தட்டு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. நேரம் இரவு பதினொன்றரை. விடிவதற்குள் முப்பதும் முடிந்தன. அக்கா ஒவ்வொன்றிலும் அப்பாவின் பெயரைக் கையால் எழுதினா.

இன்று மடிக்கணினிகளில் ட்ரைவே இல்லை. என் வீட்டுப் பிரதியின் சாயம் மங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. மூலக் கசெற்றில் பூஞ்சணம். சென்ற ஆண்டு பாரிஸில் சித்தி வீட்டு அலுமாரியிலிருந்த பிரதி மட்டும் முழுதாக ஓடியது. அதிலிருந்து எடுத்துத்தான் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பினோம். அன்றிரவு பத்துப் பிரதியோடு நிறுத்தியிருந்தால், பாரிஸுக்கு ஒன்று போயிருக்காது.