எந்த ஊர்த் தேதி? வீடியோ விளையாட்டுகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஒரு பிரதி எப்போது 'வெளிவந்தது' என்று கேட்டால் ஒற்றை ஆண்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வரலாறு எழுதுகிறவர்களின் பழக்கம். அந்த ஒற்றை ஆண்டு அப்படியொன்றும் அப்பாவியானதல்ல. எந்த ஊர்க் காலண்டரிலிருந்து அது கிழிக்கப்பட்டது என்கிற கேள்வியை அது அமுக்கிவிடுகிறது. வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3' ஜப்பானில் 1988 அக்டோபரில் வந்தது. வட அமெரிக்காவில் 1990 பிப்ரவரி. ஐரோப்பாவில் 1991 ஆகஸ்ட். முதல் ஊருக்கும் மூன்றாம் ஊருக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூணு வருஷம். அதே மரியோ, அதே ஓட்டம், அதே தாவல்.

மொழிபெயர்க்க வேண்டாமா, அட்டை அச்சடிக்க வேண்டாமா என்பார்கள். நியாயம்தான். 1988வாக்கில் நினைவகச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு இருந்ததும் உண்மை. ஆனால் தாமதம் வெறும் தாமதமாக மட்டும் இருக்கவில்லை. அதுவே சரக்காகவும் ஆனது. 1989 டிசம்பரில் அமெரிக்காவில் திரையிடப்பட்ட 'தி விஸார்ட்' என்ற படத்தின் உச்சக்கட்டப் போட்டியில், அங்கே இன்னும் கடைக்கு வராத இந்த விளையாட்டைத்தான் காட்டினார்கள். டிக்கெட் வாங்கி விளம்பரம் பார்த்துவிட்டு வந்தது ஜனம். காத்திருக்க வைப்பதும் ஒரு வியாபாரம்.

வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பது பெட்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஜப்பானிய ஃபேமிகாமின் (1983) கேட்ரிட்ஜுக்கு 60 முனைகள். மேற்கே போன நின்டென்டோ பெட்டிக்கு 72. மேற்கத்தியப் பெட்டியில் கூடுதலாக ஒரு பூட்டுச் சில்லு. உரிமம் வாங்காதவர்களின் விளையாட்டைத் தடுக்க வந்த அது, அடுத்த பிரதேசத்து விளையாட்டையும் சேர்த்துத் தடுத்தது. இதற்கு மேல் தொலைக்காட்சி முறை வேறு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் 50 முறை. சரிசெய்யாமலே அனுப்பப்பட்ட பல விளையாட்டுகள் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. மேலும் கீழும் கறுப்புப் பட்டை. தாமதமாக வந்ததுமில்லாமல் வந்தது நொண்டவும் செய்தது. ஆக, பின்னால் நின்றவனுக்குக் கிடைத்தது பிந்திவந்த அதே பிரதி அல்ல, வேறொரு பிரதி.

வரலாறே வேறாகிப்போன கதையும் உண்டு. 'ஃபைனல் ஃபேன்டஸி' ஜப்பானில் 1987இல் வந்தது, அமெரிக்காவுக்கு 1990. ஜப்பானின் இரண்டும் மூன்றும் அப்போது கடல் தாண்டவேயில்லை. 1991இல் அமெரிக்காவில் 'இரண்டு' என்று விற்கப்பட்டது உண்மையில் ஜப்பானின் நாலு. 1994இல் 'மூன்று' என்று வந்தது ஜப்பானின் ஆறு. 1997இல் திடீரென்று 'ஏழு' வந்து நிற்கிறது. நடுவில் மிச்சமெல்லாம் எங்கே போச்சு? அமெரிக்கச் சிறுவனிடம் இருந்த எண்வரிசை பொய்யல்ல; அவன் வாழ்ந்த வரலாறு அதுதான். ஐரோப்பாவுக்கோ இந்த முதன்மை வரிசையில் முதலில் வந்ததே ஏழுதான். மூன்று கண்டம், மூன்று தொடக்கம். எது 'மூலம்'?

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நின்டென்டோ நேரடியாகக் கடை விரிக்காத ரஷ்யாவில் 1992 முதல் 'டென்டி' என்ற நகல் பெட்டி விற்றது. தைவானில் செய்யப்பட்ட அது ஃபேமிகாமின் வாரிசு. நம்மூர்க் கடைத்தெருக்களில் 'டிவி கேம்' என்று விற்ற மலிவுப் பெட்டிகளிலும் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். வெளியீட்டுத் தேதியே இல்லாத ஊர்களில் ஒரு தலைமுறை மரியோவோடு வளர்ந்திருக்கிறது. கம்பெனிக் கணக்கில் இது திருட்டு. வரலாற்றுக் கணக்கில்?

ரசிகர்கள் இன்னொரு வழி கண்டார்கள். 1992இல் ஜப்பானில் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 5'ஐ ரசிகர்களே ஆங்கிலமாக்கி 1997இல் வெளியிட்டார்கள். கம்பெனியின் ஆங்கிலப் பதிப்பு 1999இல்தான் வந்தது. 2006இல் ஜப்பானில் வந்த 'மதர் 3'க்கு 2008இல் ரசிகர் மொழிபெயர்ப்பு. கம்பெனி 2024இல் அதைத் தன் இணையச் சேவையில் மறுபடி எடுத்துவிட்டபோதும் ஜப்பானோடு நிறுத்திக்கொண்டது. ஆங்கிலத்தில் அதை விளையாடி, அழுது, அதைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆங்கிலத்துக்கு அதிகாரபூர்வத் தேதி கிடையாது.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். 2016 நவம்பர் 29இல் 'ஃபைனல் ஃபேன்டஸி 15' உலகெங்கும் ஒரே நாளில் வந்தது. 2017இல் வந்த நின்டென்டோ ஸ்விட்சில் பிரதேசப் பூட்டே இல்லை. சந்தோஷம்தான். ஆனால் இந்த 'ஒரே நாள்', பழைய வரிசையை மறக்கவும் வைக்கிறது. மரியோ 3க்கு நேரே 1988 என்றோ 1990 என்றோ ஒன்றை மட்டும் எழுதுகிறவர், மற்றவர்கள் காத்திருந்த வருஷங்களை அடித்துவிடுகிறார். எல்லாத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். தேதி இல்லாத ஊர்களுக்கு இடத்தைக் காலியாக விடுவோம். அந்தக் காலியிடத்திலும் யாரோ விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.